மட்டி ஓட்டுக் கோடுகள்: எண்ணுவதற்கு முன் வெட்டிப் பாருங்கள்

கேள்வி இதுதான்: பழவேற்காடு முகத்துவாரத்தில் பொறுக்கிய மட்டி ஓடு ஒன்றில் 14 கோடுகள் இருக்கின்றன. மர வளையம் போல ஆண்டுக்கு ஒரு கோடு என்று கொண்டால் அதன் வயது 14 ஆகுமா? அந்தக் கோடுகளைக் கொண்டு அப்போதைய கடல் எப்படி இருந்தது என்று சொல்ல முடியுமா?

இரண்டாவதற்கு விடை, முடியும். முதலாவதற்கு, அநேகமாக ஆகாது. நம் கழிமுகங்களில் கிடைக்கும் சாதாரண மட்டிகள் சில ஆண்டுகளே வாழ்பவை. வெளியே தெரியும் கோடுகளில் பாதிக்கு மேல் ஆண்டுக் கணக்கோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவை.

ஓடுகளை ஆராயும் இந்த வேலைக்கு வந்த புதிதில் நானும் இதே தவற்றைச் செய்தவன்தான். ஒரு மட்டியின் முதுகைத் தடவித் தடவி 11 என்று எண்ணி, அதையே வயது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மூத்தவர் ஒன்றும் சொல்லவில்லை. ஓட்டை அறுத்து, தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்துவிட்டு, "வாங்க தம்பி, நீங்களே எண்ணுங்க" என்றார். மூன்றுகூடத் தேறவில்லை. மற்றதெல்லாம் நண்டு கடிக்க வந்த தழும்பு, புயலில் புரண்ட அதிர்ச்சி, முட்டையிட்ட களைப்பு. அன்றிலிருந்து ஓட்டின் முதுகை நான் நம்புவதில்லை.

ஓடு எப்படி வளர்கிறது என்பதிலிருந்து தொடங்கினால்தான் கோடு என்றால் என்ன என்பது விளங்கும்.

ஓடு நம் நகத்தைப் போன்றது என்று சொல்வார்கள். பாதிதான் சரி. நகம் அடியில் வளர்ந்து நுனியை முன்னே தள்ளுகிறது, வெட்டிப் போட்டுவிடுகிறோம். மட்டி ஓடு விளிம்பில் வளர்கிறது. ஒருமுறை போட்ட பகுதி நகர்வதுமில்லை, உதிர்வதுமில்லை. இரண்டு ஓடுகளும் சேரும் கீலுக்கு மேலே மொட்டுப் போலத் துருத்திக்கொண்டிருக்கிறதே, அந்த மூக்குதான் மட்டி குஞ்சாக இருந்தபோது போட்டிருந்த சட்டை. அலை தேய்க்காமல் விட்டிருந்தால் அது இன்னும் அங்கேயே இருக்கும். அடுத்தடுத்த சட்டைகள் அதற்கு வெளியே, கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகி, கடைசிச் சட்டை விளிம்பில் முடிகிறது.

இதைக் கட்டுவது மேன்டில் என்னும் மெல்லிய சதைப் போர்வை. உயிருள்ள மட்டியைத் திறந்தால் ஓட்டின் உட்புறம் முழுவதையும் அது மூடியிருப்பதைக் காணலாம். அதன் ஓரம் மடிப்பு மடிப்பாக இருக்கும். மடிப்புகளுக்கு இடையிலுள்ள ஒரு பள்ளத்திலிருந்து முதலில் வருவது சுண்ணாம்பு அல்ல, தோல். மட்டியின் மேல் பழுப்பாகவோ பச்சையாகவோ மெழுகு பூசியது போல ஒட்டியிருக்குமே, அதுதான். இந்தத் தோல் ஓட்டின் விளிம்பைச் சுற்றிக் கடல்நீரைத் தடுத்து நிறுத்துகிறது. தோலுக்கும் போர்வைக்கும் நடுவே மயிரிழை அளவு இடைவெளி. அதில் ஒரு திரவம். மேன்டில் அந்தத் திரவத்துக்குள் கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் செலுத்துகிறது, அமிலத்தன்மையை வெளியேற்றுகிறது. கட்டடம் எழும்புவதற்கு முன் சாரம் கட்டுவது போல, புரதமும் சர்க்கரைச் சேர்மங்களும் கலந்த ஒரு வலை அங்கே விரிகிறது. அதைப் பிடித்துக்கொண்டு கால்சியம் கார்பனேட் படிகமாகிறது. எடையில் 95 விழுக்காட்டுக்கு மேல் சுண்ணாம்புதான். மீதி அந்தச் சாரம். சாரம் இல்லாவிட்டால் ஓடு வெறும் கரும்பலகைச் சாக்பீஸ்.

படிகத்துக்கு இரண்டு உருவம் உண்டு: கால்சைட், அரகோனைட். முத்துச்சிப்பியின் வெளிப்பகுதி கால்சைட் தூண்கள்; உள்ளே பளபளப்பது அரகோனைட் தகடுகள். ஒவ்வொரு தகடும் ஏறத்தாழ அரை மைக்ரான் கனம், அதாவது ஒளியின் அலைநீள அளவு. அதனால்தான் அந்த மினுமினுப்பு. முத்தும் அதே கொத்தனார் அதே செங்கலால் கட்டியதுதான். சுவருக்குப் பதிலாக உருண்டை, அவ்வளவே. தூத்துக்குடிப் பார்களில், அதாவது சிப்பி விளையும் கடலடித் திட்டுகளில், முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பியின் வயதைப் பார்த்துத்தான் நாள் குறித்தார்கள். நான்கு ஆண்டுக்கு முன்னால் எடுத்தால் முத்து தேறாது. ஆறு தாண்ட விட்டால் சிப்பியே இறந்துபோய்ப் பார் காலியாகிவிடும். அந்த வயதை அவர்கள் கணித்தது சிப்பியின் அளவையும் எடையையும் வைத்து.

இப்போது கோட்டுக்கு வருகிறேன்.

மட்டி கட்டிக்கொண்டே இருப்பதில்லை. ஓடு திறந்து, நீர் உள்ளே போய்வந்து, இரையும் ஆக்சிஜனும் கிடைக்கும்போது கட்டுகிறது. ஓதம் (கடல்நீரின் அன்றாட ஏற்ற இறக்கம்) வற்றி மேடு வெளியே தெரியும்போது வாயை இறுக மூடிக்கொள்கிறது. உள்ளே இருக்கும் ஆக்சிஜன் தீர்ந்ததும் அது இல்லாமலேயே உயிர் பிழைக்கும் வேறு வழிக்கு உடல் மாறுகிறது. அந்த வழியில் அமிலம் சேரும். அமிலத்தைத் தணிக்க மட்டியின் கையில் இருக்கும் ஒரே சரக்கு, தான் கட்டிய சுவர். ஓட்டின் உட்பரப்பிலிருந்து துளி சுண்ணாம்பு கரைந்து போகிறது. கரையாத சாரம் மட்டும் மிஞ்சுகிறது. ஓதம் ஏறி வாய் திறந்ததும் அந்த மிச்சத்தின் மேல் புதுச் சுண்ணாம்பு படிகிறது. அறுத்துப் பார்த்தால் சாரம் அடர்ந்த மெல்லிய இழை ஒன்று தெரியும். அதுதான் கோடு. மட்டி வாய் மூடியிருந்த நேரத்தின் அடையாளம் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த விளக்கம் 1970களின் இறுதியில் முன்வைக்கப்பட்டு இன்று பரவலாக ஏற்கப்பட்டிருக்கிறது. ஆனால் முழுக்கதை இதுவல்ல. எப்போதும் நீருக்குள்ளேயே வைத்து வளர்த்த சிப்பிகளிலும் மங்கலாகக் கோடுகள் விழுகின்றன. உடம்புக்குள் ஏதோ ஒரு கடிகாரமும் ஓடுகிறது.

வாய் மூடும் காரணம் எதுவோ, கோட்டின் காலமும் அதுவே. நாளுக்கு இரண்டு முறை ஓதம் வற்றும் கரையில் நாளுக்கு இரண்டு கோடு விழலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் பெரிதாகும்போது கோடுகள் தடித்தும் நெருங்கியும், இடையில் ஓதம் சிறுக்கும்போது மங்கியும் அகன்றும் இருக்கும். பதினான்கு பதினைந்து நாளுக்கு ஒரு கட்டு என எண்ணிவிடலாம். இங்கிலாந்துக் கரை மட்டிகளில் இந்த வரிசை பஞ்சாங்கம் அச்சிட்டது போல வரும். நம் கரையில் ஓதத்தின் உயரமே சுமார் ஒரு மீட்டர்தான். காம்பாத் வளைகுடாவைப் போலப் பத்து மீட்டர் ஏறி இறங்கும் கடல் இல்லை நமக்கு. அதனால் நம் மட்டிகளில் ஓதக்கோடு தேடுவது கண்ணுக்கும் பொறுமைக்கும் சோதனை.

ஆண்டுக்கோடு பெரிய மூடல். குளிர்நாட்டுக் கடலில் இரையும் வெப்பமும் குறையும் பருவத்தில் வளர்ச்சி வாரக்கணக்கில் நின்றுபோகும். அழுத்தமான கோடு விழும். இந்த வகையில் மிகப் புகழ்பெற்றது வட அட்லாண்டிக்கின் ஆர்க்டிகா ஐலாண்டிகா என்னும் மட்டி. 2006இல் ஐஸ்லாந்துக்கு வடக்கே கடலடியிலிருந்து வாரி எடுத்தவற்றில் ஒன்று பிரிட்டனின் பாங்கர் பல்கலைக்கழகத்துக்குப் போனது. முதலில் எண்ணியபோது 400க்குச் சற்று மேல் வந்தது. அது பிறந்தபோது சீனாவை ஆண்ட வம்சத்தின் பெயரால் மிங் என்று அழைத்தார்கள். பிறகு 2013இல் மறுபடி எண்ணினார்கள்: 507. அதாவது பிறப்பு 1499, வாஸ்கோ ட காமா கோழிக்கோடு போய் லிஸ்பனுக்குத் திரும்பிய ஆண்டு.

நூறு ஆண்டு எங்கே தொலைந்தது? இதுதான் உங்கள் கேள்விக்கு நேரான பாடம். முதல் எண்ணிக்கை கீல் பகுதியில் நடந்தது. கீல் ஓட்டுக்குள் ஒதுங்கியிருப்பதால் தேய்மானம் குறைவு. வழக்கமாக அங்கேதான் நம்பி எண்ணுவார்கள். ஆனால் மட்டி கிழடாக ஆக ஆண்டு வளர்ச்சி சுருங்கிக்கொண்டே போகும். இளமையில் மில்லிமீட்டர் கணக்கு. நூற்றாண்டுகள் கழித்து மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. கீலில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒட்டிக்கொண்டன. ஓட்டின் வெளிப்பகுதியில் இடம் சற்று அதிகம். அங்கே எண்ணியபோது பிரிந்து தெரிந்தன. கார்பன்-14 அளவும் ஒத்துவந்தது. வயதறியும் ஆர்வத்தில் உலகின் மூத்த விலங்கைக் கொன்றுவிட்டார்கள் என்று அப்போது செய்தித்தாள்கள் அழுதன. அது கப்பலில் உறைய வைத்தபோதே செத்துவிட்டது. வயது தெரிந்தது அதற்குப் பிறகுதான். இதே மட்டியை அமெரிக்காவில் சூப் வைத்துக் குடிக்கிறார்கள். மிங்கைவிட மூத்தது எத்தனை கிண்ணத்தில் போனதோ!

ஒரு மட்டியின் வயது சுவாரசியம்தான், ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் வேறு. ஒரே கடலடியில் வாழும் மட்டிகள் நல்ல ஆண்டில் எல்லாமே அகலமாக வளரும், மோசமான ஆண்டில் எல்லாமே குறுகும். அகலம், குறுகல், குறுகல், அகலம் என்ற அந்தத் தாளம் இரண்டு ஓடுகளில் ஒத்துப்போனால் அவை ஒரே காலத்தில் வாழ்ந்தவை. உயிரோடு பிடித்த மட்டிக்குக் கடைசிக் கோட்டின் ஆண்டு தெரியும். அதன் இளமைத் தாளம், கடலடியில் கிடக்கும் ஒரு காலி ஓட்டின் முதுமைத் தாளத்தோடு பொருந்தினால் காலி ஓட்டுக்கும் ஆண்டு கிடைத்துவிடுகிறது. அதன் இளமை இன்னும் பழைய ஓட்டோடு பொருந்தும். இப்படிக் கண்ணி கண்ணியாகக் கோத்து, ஐஸ்லாந்தின் வடக்குக் கடலுக்கு 649 முதல் 2005 வரை, ஒரு ஆண்டுகூட விடாமல் 1357 ஆண்டுச் சங்கிலி செய்திருக்கிறார்கள். மர வளையக்காரர்கள் பல காலமாகச் செய்வதைக் கடலுக்கடியில் செய்தது இது. எங்காவது ஒரு கோடு விடுபட்டாலோ பொய்க்கோடு ஒன்று நுழைந்தாலோ தாளம் தட்டிவிடும். பிழை தானே காட்டிக்கொடுக்கும். தனி ஓட்டில் எண்ணுவதற்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

வயது ஒரு பக்கம். கடலின் நிலையை எப்படிப் படிக்கிறோம்?

ஆக்சிஜன் அணுக்களில் எடை குறைந்தது 16, கூடியது 18. நீரிலிருந்து படிகம் உருவாகும்போது இவ்விரண்டும் எந்த விகிதத்தில் உள்ளே போகின்றன என்பது நீரின் வெப்பத்தைப் பொறுத்தது. குளிர்ந்தால் 18 சற்றுக் கூடும். வெப்பம் ஏறினால் குறையும். ஆயிரத்தில் ஒரு பங்கு மாற்றம் ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸுக்குச் சமம். வேதியியலாளர் ஹெரால்டு யூரே 1940களின் இறுதியில் சிகாகோவில் இந்த யோசனையை வளர்த்தார். சாமுவேல் எப்ஸ்டீன் முதலியோர் அளவுகோலைச் செய்தார்கள். 1951இல் அவர்கள் வெளியிட்ட ஒரு முடிவை இன்று படித்தாலும் எனக்குச் சிலிர்க்கும். ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் கிடைத்த ஜுராசிக் காலத்துப் பெலம்னைட் அது. கணவாயின் உறவு, உள்ளே சுண்ணாம்புத் தண்டு உள்ள பிராணி. தண்டை மையத்திலிருந்து வெளிப்புறம் வரை வளையம் வளையமாகச் சுரண்டி அளந்தார்கள். இளமைக்குப் பிறகு மூன்று கோடை, நான்கு குளிர்காலம். இளமையில் இருந்த நீர் முதுமையில் இருந்ததைவிட வெதுவெதுப்பானது. இறந்தது வசந்தத்தில், வயது சுமார் நான்கு. டைனோசர் காலத்துப் பிராணிக்கு இறந்த பருவம் வரை சொல்லிவிட்டார்கள்.

நம் கரைக்கு வந்தால் இந்த முறை காலை வாரிவிடும். காரணம் மழை. மழைநீரிலும் ஆற்றுநீரிலும் ஆக்சிஜன்-18 கடல்நீரைவிடக் குறைவு. வடகிழக்குப் பருவமழையில் முகத்துவாரத்து நீர் பாதிக்குப் பாதி மழைநீர் ஆகிவிட்டது என்று வையுங்கள். அந்த மழைநீரில் ஆயிரத்துக்கு 6 பங்கு குறைவு என்றால் கலந்த நீரில் 3 பங்கு குறைவு. வெப்பக் கணக்கில் போட்டால் 12 டிகிரி ஏறியது போலத் தெரியும்! உண்மையில் மார்கழி நீர் சித்திரை நீரைவிடச் சில டிகிரி குளிர்ந்திருக்கும். குளிர்நாட்டுச் சூத்திரத்தை அப்படியே போட்டால் மார்கழியில் கழிமுகம் கொதித்தது என்று முடிவு வரும். நான் பார்த்த சில ஆய்வறிக்கை வரைவுகளில் ஏறக்குறைய அப்படியே வந்திருந்தது.

இதையே திருப்பிப் போட்டால் வரம். நம் மட்டிகளை வெப்பமானியாகப் படிக்காமல் மழைமானியாகப் படிக்க வேண்டும். எந்த ஆண்டு வெள்ளம் பெரிது, முகத்துவாரம் மண் மூடிக்கிடந்த ஆண்டு எது, எத்தனை வாரம் நீர் உப்பில்லாமல் இருந்தது என்பதெல்லாம் ஓட்டில் சரிவாகவும் மேடாகவும் பதிவாகும். ஒரே குறை: நீர் மிகவும் இனித்துப்போனால் மட்டி வாயை மூடிவிடும். வெள்ளத்தின் உச்ச வாரத்தை அது எழுதியிருக்காது. வெள்ளம் வருவதையும் வடிவதையும்தான் எழுதியிருக்கும். நடுவில் ஒரு கோடு. உச்சத்தின் அளவை ஓட்டிலிருந்து நேராக எடுத்தால் எப்போதும் குறைவாகவே வரும். ஆற்றுநீரோடு வரும் பேரியத்தையும் சேர்த்து அளந்தால் உதவும் என்பார்கள். பேரியம் ஏறியது வெள்ளத்தாலா, பாசி பெருகியதாலா என்ற சண்டை ஓய்ந்தபாடில்லை; அதில் நான் தலையிடவில்லை.

வெயிலை எழுதும் சிப்பிகளும் உண்டு. ராட்சத மட்டியின் சதைக்குள் பாசி குடியிருக்கிறது. பகலில் அது உணவு செய்யும்போது ஓடு வேகமாக வளரும், இரவில் தளரும். நாளுக்கு ஒரு கோடு. இதில் எனக்கு மிகப் பிடித்தது ஓமானில் கிடைத்த டோரைட்டீஸ் சாஞ்செஸி என்னும் அழிந்துபோன சிப்பி, வயது 7 கோடி ஆண்டு. அதன் ஓட்டில் 10 மைக்ரான் அளவு புள்ளி புள்ளியாக லேசர் போட்டு, 2020இல் நாட்களை எண்ணினார்கள். ஆண்டுக்கு 372 நாள். பூமி சூரியனைச் சுற்றும் காலம் மாறவில்லை. எனவே நாள்தான் சிறியது, சுமார் இருபத்து மூன்றரை மணி நேரம். நிலா ஓதத்தால் பூமியின் சுழற்சியைப் பிடித்திழுத்து மெல்லத் தளரச் செய்கிறது என்பதை வானியலாளர்கள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அதற்குச் சாட்சி ஒரு சிப்பி ஓடு.

இனி உங்கள் கையிலிருக்கும் ஓடு. ஆய்வகத்தில் நாங்கள் செய்வது இது: ஓடு உடையாமலிருக்க ரெசின் பூசி, மூக்கிலிருந்து விளிம்பு வரை, வளர்ச்சி அதிகமான திசையில், வைர வாளால் மெதுவாக அறுப்போம். வெட்டு முகத்தைக் கண்ணாடியில் ஒட்டி, படிப்படியாக நைசான தாளில் தேய்த்து, கடைசியில் அலுமினாப் பொடியால் மெருகேற்றுவோம். பிறகு முட்வெய் கரைசல். அசிட்டிக் அமிலம் சுண்ணாம்பை மெல்ல அரிக்கும். குளூட்டரால்டிஹைடு சாரத்தை இறுக்கிப் பிடிக்கும். நீலச் சாயம் சாரத்தில் ஏறும். வெதுவெதுப்பான கரைசலில் சிறிது நேரம் கழித்து எடுத்தால், வெறும் வெள்ளையாக இருந்த பரப்பில் நீல வரப்புகள் எழும்பி நிற்கும். முதன்முறை பார்த்தபோது மறுபடியும் மறுபடியும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வீட்டில் இவ்வளவு தேவையில்லை. ஒரே இடத்தில் பொறுக்கிய நான்கைந்து ஓடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புக் காளவாயிலிருந்து எடுத்தது வேண்டாம். சூட்டில் அரகோனைட் உருமாறி எழுத்து அழிந்திருக்கும். தண்ணீர் தெளித்த உப்புத்தாளில், ஓட்டின் ஒரு பக்கத்தை மூக்கிலிருந்து விளிம்பு வரை நேர்க்கோடாகப் பாதி தேயும் வரை தேயுங்கள். நேரமாகும், பாட்டுக் கேட்டுக்கொண்டே செய்யலாம். நைசான தாளில் முடித்து, சமையல் வினிகரில் ஒரு நிமிடம் வைத்து, கழுவி, காயவைத்து, பத்து மடங்கு பெருக்கும் கைக்கண்ணாடியில் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். ஓட்டின் கனம் முழுவதையும் ஊடுருவி உள்வரை தொடரும் கோடு பருவக்கோடாக இருக்க வாய்ப்பு அதிகம். வெளிப்பரப்பில் வெட்டுப்பட்டது போல ஒரு பள்ளமும், உள்ளே போகப் போக மறைவதுமாக இருந்தால் அடிபட்ட தழும்பு. நான்கு ஓடுகளிலும் ஒரே வரிசையில் வராத கோட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். உங்கள் 14இல் இரண்டோ மூன்றோ மிஞ்சும் என்பது என் ஊகம்.

தேய்க்கும்போது விளிம்பை மட்டும் நொறுக்கிவிடாதீர்கள். கடைசிப் பருவக்கோட்டுக்கும் விளிம்புக்கும் இடையே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்தால், மழை முடிந்து எவ்வளவு காலத்தில் அந்த மட்டி செத்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.